சிறு வேனுக்குத் தனி வரிசை வேண்டும்

சிங்கப்பூரில் சரக்கு வேன் வாங்க நினைக்கும் பூக்கடைக்காரர், மண் அள்ளும் டிப்பர் லாரி வாங்க நினைக்கும் கட்டுமான நிறுவனம், நாற்பது பேர் அமரும் பேருந்து வாங்க நினைக்கும் சுற்றுலா நிறுவனம் ஆகிய மூன்று தரப்பும் ஒரே ஏலத்தில்தான் நிற்கின்றன. வாகன உரிமைச் சான்றிதழின் ‘சி’ பிரிவு சரக்கு வாகனங்களுக்கும் பேருந்துகளுக்கும் பொதுவானது. மாதம் இருமுறை நடக்கும் ஏலத்தில் வண்டியின் நீளத்தையும் அது சுமக்கும் எடையையும் குடிக்கும் எரிபொருளையும் யாரும் கேட்பதில்லை. ஒரு வண்டி, ஒரு சான்றிதழ், எல்லோருக்கும் ஒரே விலை. 2023-ன் தொடக்கத்தில் அந்த விலை 90 ஆயிரம் வெள்ளியைத் தாண்டியது. பிறகு இறங்கினாலும், தெருமுனைக் கடைக்காரர் மூச்சுவிடும் அளவுக்கு இறங்கவில்லை. நகரத்தின் நெரிசலான தெருக்களுக்கும் சிறு வணிகரின் வரவு செலவுக்கும் மிகப் பொருத்தமான வாகனம், கச்சிதமான, குறைந்த எரிபொருளில் ஓடும் சிறு சரக்கு வேன்தான். அந்த வேனுக்குச் சான்றிதழ் முறையில் தனிப் பிரிவு வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் அளவைப் பார்ப்போம். நிசான் என்வி200, பிஒய்டி டி3 போன்ற வேன்கள் ஏறக்குறைய 4.4 மீட்டர் நீளமும் 1.7 மீட்டர் அகலமும் கொண்டவை. சிங்கப்பூரில் ஒரு கார் நிறுத்தும் கட்டத்தின் அளவு 2.4 மீட்டருக்கு 4.8 மீட்டர். கார் நிற்கும் இடத்தில் இந்த வேன் நிற்கும். கார் திரும்பும் வளைவில் இதுவும் திரும்பும். இரண்டு மீட்டருக்கும் குறைந்த உயரம் என்பதால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பலமாடி வாகன நிறுத்துமிடங்களிலும் ஏறும். ஆனாலும் என்வி200-ன் பின்பகுதியில் நான்கு கன மீட்டருக்கு மேல் சரக்கு கொள்ளும். பக்கவாட்டில் கதவு இழுத்துத் திறப்பதால், பக்கத்தில் நிற்கும் வண்டிக்கு இடைஞ்சல் இல்லாமல் பெட்டிகளை இறக்கலாம். தளம் தாழ்வாக இருப்பதால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அரிசி மூட்டையைத் தனியாகவே உள்ளே தள்ளிவிட முடியும். ஓட்ட, கார் ஓட்டும் கிளாஸ் 3 உரிமம் போதும். தனி ஓட்டுநர் வைத்துக்கொள்ள வசதியில்லாத கடைக்கு இது சிறிய விஷயமல்ல. கடைக்காரரோ அவருடைய மகளோ மருமகனோ எடுத்து ஓட்டலாம்.

லிட்டில் இந்தியாவுக்கு இந்த அளவு எவ்வளவு முக்கியம் என்பதை வட்டாரத்தின் வரைபடமே சொல்லும். 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. கடைவீடுகளை இடிக்க முடியாது, தெருக்களை அகலப்படுத்த முடியாது; முடியக்கூடாது என்பதுதான் நம் எல்லோருடைய விருப்பமும். டன்லப் ஸ்திரீட், கஃப் ரோடு, ஹிந்து ரோடு, அப்பர் டிக்சன் ரோடு, பெலிலியோஸ் லேன் எல்லாம் மாட்டுவண்டிக் காலத்து அகலத்திலேயே இருக்கின்றன. கேம்பல் லேன் இப்போது நடப்பவர்களுக்கு மட்டுமே. தேக்கா சந்தையை ஒட்டிய பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளின் தட்டுகள் நடைபாதை வரை வந்துவிடுகின்றன. பதினான்கு அடி லாரி ஒன்று இந்தத் தெருக்களில் ஓரமாக நின்றால் தெருவே நின்றுவிடும். பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார், நடந்து வரும் பாட்டி சாலையில் இறங்கி லாரியைச் சுற்றிப் போவார். சிறு வேன் அதே வேலையை ஒரு காரின் நிழலுக்குள் முடித்துவிடும்.

அந்த வட்டாரத்தில் இறங்கும் சரக்கின் தன்மையையும் கவனிக்க வேண்டும். அது டன் கணக்கில் ஒரே பொருளாக வருவதில்லை. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து இரண்டு பெட்டி வெண்டைக்காய், ஒரு கட்டு முருங்கைக்காய், ஒரு கோணி தேங்காய், நான்கு கட்டு வாழையிலை. சாங்கி விமானச் சரக்கு நிலையத்திலிருந்து மல்லிகைப் பெட்டி. தமிழ்நாட்டில் முந்தின நாள் பறித்த மொட்டு, சிராங்கூன் ரோட்டில் சரமாகத் தொடுக்கப்படும் வரை அதற்கு ஆயுள் மணிக்கணக்கில்தான். விரியத் தொடங்கிய மல்லிக்கு விலை பாதி. எனவே லாரி நிறையும் வரை காத்திருக்க முடியாது; வந்ததும் எடுத்து ஓட வேண்டும். உணவகங்களுக்கும் இதே நிலைதான். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் சமைத்த சாப்பாடு மதியம் பன்னிரண்டுக்குள் ஜூரோங்கில் ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அதை ரயிலில் கொண்டுபோக முடியாது. 2003-இல் வடகிழக்கு ரயில் பாதை திறந்ததும் மனிதர்கள் தேக்காவுக்கு வருவது எளிதாகிவிட்டது. சரக்குக்கு அப்படி ஒரு விடிவு இன்னும் வரவில்லை.

அடுத்தது எரிபொருள். சரக்கு வண்டி நாள் முழுவதும் நின்று நின்று ஓடுவது. சிக்னல், சந்து, இறக்குமிடம், மறுபடியும் சிக்னல். இத்தகைய ஓட்டத்தில் எடை குறைந்த வண்டிக்கும் கனமான வண்டிக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. ஒரு கணக்குக்காக, நாளுக்கு 100 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 30,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் பெரிய வேன் 3,000 லிட்டர் குடிக்கும். லிட்டருக்கு 14 தரும் சிறு வேனுக்கு 2,150 லிட்டர் போதும். ஆண்டுக்கு 850 லிட்டர் மிச்சம். டீசலாக இருந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமில வாயு குறையும். டீசலுக்கு 2017-இல் லிட்டருக்கு 10 காசு தீர்வை வந்தது, 2019-இல் அது 20 காசாக உயர்ந்தது. எவ்வளவு எரிக்கிறாயோ அவ்வளவு கட்டு என்பதுதான் அந்த மாற்றத்தின் உட்பொருள். சிக்கனமாக ஓடும் வண்டி வைத்திருப்பவருக்கு நியாயமான வெகுமதி அது. அந்த நியாயம் பெட்ரோல் நிலையத்தோடு நின்றுவிடுகிறது, சான்றிதழ் ஏலம் வரை வருவதில்லை என்பதே என் வருத்தம்.

வேன் வெறும் வேலை வண்டி மட்டுமல்ல. அதன் கவர்ச்சியில் பாதி ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. சைக்கிளைப் பிரிக்காமல் ஏற்றிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்குப் போகலாம். தூண்டில், பனிப்பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு சாங்கிக் கடற்கரைக்குப் போகலாம். நம் சமூகத்தில் இதற்கு இன்னும் ஆழமான பயன் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தின வாரம் காவடிச் சட்டங்களும் மயிலிறகுக் கட்டுகளும் ஸ்டீல் கம்பிகளும் வீவக வீடுகளிலிருந்து சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலுக்குப் போய்ச் சேர வேண்டும். டேங்க் ரோடு ஸ்ரீ தண்டாயுதபாணி கோவிலில் நேர்த்திக்கடன் முடிந்ததும் அவை வீடு திரும்ப வேண்டும். பொங்கலுக்குக் கரும்பு, கல்யாணத்துக்கு வாழைமரம், காரியத்துக்கு வாடகைப் பாத்திரம், தீபாவளிக்கு வீட்டிலேயே சுட்ட முறுக்கு டின்கள். காரின் பின்பெட்டியில் அடங்காத, லாரி பிடிக்குமளவுக்குப் பெரிதுமல்லாத சுமைகள் நம் வாழ்க்கையில் ஏராளம். சொந்தத்தில் ஒருவரிடம் வேன் இருந்தால் அந்தத் தெருவுக்கே அது உதவும். வாரம் ஆறு நாள் கடைக்கு உழைத்து ஏழாம் நாள் குடும்பத்துக்கு உதவும் ஒரு வண்டி, இடம் குறைந்த இந்தத் தீவில் இன்னொரு வண்டி வாங்கும் தேவையைத் தள்ளிப்போடுகிறது. நிலப்பரப்பில் 12 விழுக்காட்டைச் சாலைகளுக்கே கொடுத்துவிட்ட நாட்டில் இதை ஒரு பொதுநலமாகவே நான் பார்க்கிறேன்.

இனி ஏலத்தின் கணக்குக்கு வருவோம். சான்றிதழ் விலை 70 ஆயிரம் வெள்ளி என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் ஆண்டுக்கு 7,000, நாளுக்கு ஏறக்குறைய 19 வெள்ளி. இருபது டன்னுக்கு மேல் கனமான டிப்பர் லாரி ஒரே நாளில் பல நடை அடிக்கும். அந்த 19 வெள்ளி அதன் ஒவ்வொரு டன்னிலும் சில காசுகளாகக் கரைந்துபோகும். 600, 700 கிலோ சுமக்கும் வேனில் அதே 19 வெள்ளி ஒவ்வொரு பெட்டி வெண்டைக்காய் மேலும் ஏறி உட்காரும். சில சிறு வேன்களுக்கு வண்டியின் இறக்குமதி மதிப்பைவிடச் சான்றிதழின் விலை பல மடங்கு. லாரிக்காரருக்குச் சான்றிதழ் ஒரு செலவு. வேன்காரருக்கு அதுதான் செலவே. வண்டி அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு.

இந்த அநீதியைக் கண்டுபிடிக்க ஆய்வெதுவும் தேவையில்லை. அரசாங்கத்தின் இன்னொரு கை இதை ஏற்கெனவே சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. 1998-இல் தொடங்கிய மின்னியல் சாலைக் கட்டணத்தில், வாகனம் சாலையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே கட்டணம். காரை ஒன்று என்று கொண்டால், இலகு சரக்கு வாகனமும் ஒன்று. கனரக வாகனமும் சிறு பேருந்தும் ஒன்றரை. மிகக் கனமான வாகனமும் பெரிய பேருந்தும் இரண்டு. கட்டண வளைவின்கீழ் போகும்போது டிப்பர் லாரி சிறு வேனைப்போல் இரண்டு மடங்கு கட்டுகிறது. அந்த நியதிக்கு யாரும் எதிர்ப்புச் சொன்னதில்லை. நெரிசலுக்கு யார் எவ்வளவு காரணமோ அவ்வளவு கட்டட்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. அதே இரண்டு வண்டிகளும் சான்றிதழ் ஏலத்தில் மட்டும் ‘ஒன்று’ ஆகிவிடுகின்றன. சாலைக் கட்டணம், சான்றிதழ் இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: சாலையிடத்தைப் பங்கிடுவது. அளவுகோல் மட்டும் ஏன் மாற வேண்டும்?

கார்களின் வரலாறு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 1990 மே மாதம் இந்த முறை தொடங்கியபோது கார்கள் எஞ்சின் அளவுப்படி நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. 1999-இல் அவை 1,600 சிசி வரை, அதற்கு மேல் என்று இரண்டாகச் சுருங்கின. சிறிய எஞ்சினைக் காட்டி ஆடம்பரக் கார்கள் சிறு கார்ப் பிரிவில் நுழையத் தொடங்கியதும், 2014-இல் 97 கிலோவாட் என்ற ஆற்றல் வரம்பும் சேர்க்கப்பட்டது. மின்கார்கள் வந்தபின் 2022-இல் அவற்றுக்கு 110 கிலோவாட் என்று தனி வரம்பு வகுத்தார்கள். சாதாரணக் குடும்பத்தின் காரும் கோடீஸ்வரரின் காரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது என்ற அக்கறை ஒவ்வொரு திருத்தத்திலும் தெரிகிறது. மூன்று பத்தாண்டுகளாக வீட்டுக் காருக்குக் காட்டிய அந்த அக்கறை, பிழைப்புக்கு உழைக்கும் வேனுக்கு ஒரு தடவைகூடக் காட்டப்படவில்லை. கார் இல்லாவிட்டால் ரயிலும் பேருந்தும் உண்டு. காய்கறிப் பெட்டிக்கு மாற்று எது?

ஒரு பிரிவை வகுத்துவிட்டால் அதற்கேற்ற வண்டி தானே பிறக்கும் என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கே ‘கேய்’ என்ற சிறு வாகனப் பிரிவு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்திலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. இன்றைய வரம்பு 660 சிசி எஞ்சின், 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம். வரியும் காப்பீடும் குறைவு. அந்த வரம்புக்குள் சுசுகி எவ்ரி போன்ற வேன்கள் வளர்ந்தன. மீன்கடையும் தச்சரும் விவசாயியும் அதை வாங்கினார்கள். விடுமுறையில் அதிலேயே படுத்துறங்கி ஊர்சுற்றும் பழக்கமும் பரவியது. இந்தியாவில் 2005-இல் டாடா ஏஸ் வந்தது. ஆட்டோவுக்கும் பெரிய லாரிக்கும் நடுவில் காலியாகக் கிடந்த இடத்தை அது பிடித்தது. 702 சிசி டீசல் எஞ்சின், முக்கால் டன் சுமை. தமிழ்நாட்டில் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். கோயம்பேட்டிலிருந்து காய்கறி ஏற்றிப்போகும் சில்லறை வியாபாரி முதல் வீடு மாற்றும் வாடகைக்காரர் வரை அதை நம்பி இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு வண்டி என்பது எத்தனையோ பேருக்குக் கூலி வேலையிலிருந்து முதலாளி நிலைக்கு ஏறும் முதல் படியாக இருந்தது. சிங்கப்பூரில் அந்தப் படியின் உயரம் 70 ஆயிரம் வெள்ளி.

விலை உயர்வுக்கு இன்னொரு விளைவும் உண்டு. சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதில்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். சரக்கு வாகனத்தின் சட்டப்படியான ஆயுள் 20 ஆண்டு. பத்து ஆண்டு முடிந்ததும் கடந்த மூன்று மாதச் சராசரி விலையைக் கட்டிச் சான்றிதழைப் பத்து ஆண்டுக்கோ, பாதிக் கட்டணத்தில் ஐந்து ஆண்டுக்கோ புதுப்பிக்கலாம். புது வண்டிக்கும் சான்றிதழுக்கும் சேர்த்துப் பணம் புரட்ட முடியாத கடைக்காரர் என்ன செய்வார்? பழைய டீசல் வேனையே ஐந்து ஆண்டுக்கு நீட்டிப்பார். அவர்மேல் குற்றமில்லை, கணக்கு அவரை அங்கே தள்ளுகிறது. ஆனால் அந்த வேனின் புகை, ஐந்தடிப் பாதையில் பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் பெண்மணியின் மூக்குக்கு இரண்டு மீட்டர் தள்ளித்தான் வெளியேறுகிறது. அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. பழைய டீசல் வண்டிகளை முன்கூட்டியே மாற்றுவோருக்குச் சலுகை தரும் திட்டம் 2013-இல் வந்தது. 2021 ஏப்ரலில் வர்த்தக வாகனப் புகை வெளியீட்டுத் திட்டம் வந்து, புகையே விடாத இலகு சரக்கு வாகனத்துக்கு 30,000 வெள்ளி ஊக்கத்தொகை கொடுத்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தொகை 15,000 ஆனது. நல்ல திட்டங்கள்தாம். என்றாலும் ஒரு கையால் 15 ஆயிரம் கொடுத்து மறு கையால் 70 ஆயிரம் வாங்கும்போது, வாங்குபவரின் மனத்தில் நிற்பது இரண்டாவது எண்தான்.

மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: பிரிவைப் பிரித்தால் கனரக வாகனங்களுக்கான சான்றிதழ் விலை ஏறும், கட்டுமானச் செலவு உயரும், கடைசியில் வீடு வாங்குபவர் தலையில் விடியும். விலை கொஞ்சம் ஏறலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் பாருங்கள். கனரக லாரியின் சான்றிதழ் பத்தாயிரம் வெள்ளி உயர்ந்தாலும் அது நாளுக்கு மூன்று வெள்ளிக்கும் குறைவு; பல நடைகளில், பல டன்களில் பங்கிடப்படும் மூன்று வெள்ளி. அதே பத்தாயிரம் வேன்காரருக்குக் குறைந்தால், அவர் பழைய வண்டியைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கத் துணிவார். சுமையைத் தாங்கக்கூடியவர் தோளுக்கு மாற்றுவது எந்தக் கணக்கிலும் குற்றமாகாது. சிறிய பிரிவானால் விலை ஏலத்துக்கு ஏலம் குதிக்கும் என்ற அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதற்குப் பல ஏலங்களுக்கான ஒதுக்கீட்டைச் சீராகப் பரப்பிக் கொடுக்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரியாத வித்தை அல்ல அது.

இரண்டாவது மறுப்பு: சலுகை கொடுத்தால் வேன்கள் பெருகி நெரிசல் கூடும். பெருகாது. மொத்த ஒதுக்கீடு மாறாமல் அதற்குள் கோடு போடத்தான் கேட்கிறேன். 2018 பிப்ரவரியில் கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் வளர்ச்சி விகிதம் பூஜ்யமாக்கப்பட்டபோது, வணிகங்களின் தேவையை மதித்து ‘சி’ பிரிவுக்கு மட்டும் 0.25 விழுக்காடு விட்டுவைத்தார்கள். அந்தச் சொற்ப வளர்ச்சியைக்கூட உயர்த்தக் கேட்கவில்லை. இதோடு ஒட்டி வரும் கேள்வி ஒன்று உண்டு: நான்கு வேன் ஓடுவதைவிட ஒரு லாரி ஓடுவது மேலல்லவா? நிறைந்த சுமைக்கு, ஒரே இடத்துக்குப் போகும் சரக்குக்கு, நிச்சயமாக மேல். துறைமுகத்திலிருந்து கிடங்குக்கும் கிடங்கிலிருந்து பேரங்காடிக்கும் லாரிதான் போக வேண்டும். ஆனால் இரண்டு பெட்டி வெண்டைக்காயும் ஒரு மல்லிகைப் பெட்டியும் போகும் வழியில் பாதி காலியாக ஓடும் லாரியால் யாருக்கும் லாபமில்லை. அதற்குச் சாலையும் டீசலும் வீண். எதற்கு எது என்ற தேர்வை இன்றைய ஏலம் கெடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே விலை என்றால், கொடுக்கிற காசுக்குப் பெரியதையே வாங்கிவிடுவோம் என்றுதான் மனம் போகும்.

செயலி வழி விநியோகம் இருக்கும்போது சொந்த வேன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. செயலியில் வரும் வண்டியும் யாரோ ஒருவர் கடன்பட்டு வாங்கிய அல்லது நாள்வாடகைக்கு எடுத்த வேன்தான். இணையத்தள ஊழியர்களுக்கான சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, அவர்களின் மத்திய சேமநிதிக்கும் வேலைக்காய இழப்பீட்டுக்கும் வழி செய்தது. அவர்களுடைய மிகப் பெரிய முதலீடான வண்டியின் விலைமேல் அந்தச் சட்டத்துக்குப் பிடியில்லை. சான்றிதழ் விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் அதிக நேரம் ஓட்ட வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. சரக்கு வாகனத்துக்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் பொதுச் சந்தை மதிப்பில் 5 விழுக்காடுதான். காருக்கு அது நூறில் தொடங்கி மதிப்போடு ஏறும். வேன் வாங்கும் வணிகம் பொருள் சேவை வரியைத் திரும்பப் பெறலாம். செலவை வருமான வரியில் கழிக்கலாம். கார் வைத்திருப்பவருக்கு இவை கிடையா. இப்படியொரு வண்டியில் கடற்கரைக்குப் போவது மற்ற வரிசெலுத்துவோரை ஏமாற்றுவதாகாதா? கேள்வி நேர்மையானது. வேலைக்கென்று வாங்கி, வேலைக்கு ஓடி, ஓய்வுநாளில் குடும்பத்துக்கும் பயன்படும் வண்டியால் சமூகத்துக்கு ஏற்படும் நட்டம் மிகச் சிறிது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் மின்னியல் சாலைக் கட்டணமே கிடையாது. அன்று கூடுதலாக ஒரு வண்டி ஓடுவதால் நெரிசல் கூடுவதில்லை என்று அரசாங்கமே கருதுவதன் அடையாளம் அது. வேலையே செய்யாமல், மலிவான காராக மட்டும் வேனை வைத்திருப்பவர் கதை வேறு. அவர் ஒரு வணிகரின் சான்றிதழைப் பறித்துக்கொள்கிறார். அவருக்கு இந்தப் பிரிவில் இடமில்லை. சான்றிதழ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நடப்பிலுள்ள தொழிலைக் காட்ட வேண்டும் என்று விதித்தால் அதை நான் வரவேற்பேன். வண்டியின் இயல்பும் ஒரு வேலிதான். முன்னால் இரண்டு அல்லது மூன்று இருக்கை, விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வரம்பு, பத்தாண்டு முடியும் முன் பதிவை ரத்துசெய்தால் காருக்குக் கிடைக்கும் பதிவுக் கட்டணக் கழிவு இதற்கு இல்லை. சரக்குப் பகுதியில் குழந்தைகளை உட்காரவைத்துப் போவதை எந்தச் சூழலிலும் அனுமதிக்கக் கூடாது. பின்னிருக்கை வைத்த வேனுக்கும் சலுகை வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கதவைத் திறந்தால் கார்கள் எல்லாம் வேன் வேடம் போட்டு உள்ளே வந்துவிடும், வணிகருக்கு மறுபடியும் இடமிருக்காது.

மின்வேன் பற்றியும் ஒரு வார்த்தை. நாளுக்கு நூறு கிலோமீட்டருக்குள் ஓடி, இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பும் வண்டிக்கு மின்சாரம் பொருந்துவதுபோல் வேறெந்த வண்டிக்கும் பொருந்தாது. ஏறக்குறைய 50 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட சிறு வேனுக்கு அந்தத் தொலைவு ஒரு பொருட்டே அல்ல. 2030-க்குள் 60,000 மின்னூட்ட இடங்கள், 2040-க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் என்பது நாட்டின் இலக்கு. வீவக நிறுத்துமிடங்களில் மின்னூட்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. கடைக்காரரின் வேன் இரவில் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான். விலை மட்டும் இன்னும் தடை. தனிப் பிரிவு வந்தால் மின்வேன் வாங்கத் தயங்குவோர் பலர் முதல் அடி எடுத்துவைப்பார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

நடைமுறையில் இதைச் செய்வது கடினமுமல்ல. கோடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது: அதிகபட்சச் சுமையோடு 3,500 கிலோவுக்கு மேற்படாதது இலகு சரக்கு வாகனம். புகை வெளியீட்டுத் திட்டமும் அந்தக் கோட்டையே பயன்படுத்துகிறது. அந்த எல்லைக்குள்ளும் பெரிய வேன்கள் உண்டு என்பதால், கார் நிறுத்தும் கட்டமான 4.8 மீட்டரை நீள வரம்பாகவும், புகை வெளியீட்டுத் தர வரிசையில் மேல் நிலையைத் தகுதியாகவும் சேர்த்துக்கொள்ளலாம். ஒதுக்கீட்டை எங்கிருந்து எடுப்பது என்பதே பலர் தயங்கும் இடம். சான்றிதழ்களில் பெரும்பகுதி, பதிவு நீக்கப்படும் பழைய வாகனங்களுக்கு ஈடாகத்தான் வெளியிடப்படுகிறது. இலகு சரக்கு வாகனம் ஒன்று பதிவு நீங்கினால் அந்த இடம் இன்னோர் இலகு சரக்கு வாகனத்துக்கே போகட்டும். கனரக லாரி நீங்கினால் கனரக லாரிக்கு, பேருந்து நீங்கினால் பேருந்துக்கு. அப்படிச் செய்தால் கட்டுமான நிறுவனத்திடமிருந்தோ பேருந்து நிறுவனத்திடமிருந்தோ ஒரு சான்றிதழைக்கூடப் பிடுங்க வேண்டியதில்லை. இன்று ஒரு பழைய வேன் சாலையைவிட்டுப் போகும்போது, அதன் இடம் வேனுக்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதிக விலை சொன்ன டிப்பர் லாரிக்கும் அது போகலாம்.

வர்த்தக வாகனப் புகை வெளியீட்டுத் திட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசாங்கம் மறுபரிசீலனை செய்கிறது. ஊக்கத்தொகை எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், சான்றிதழ்ப் பிரிவையும் அதே மேசையில் வைத்துப் பேச வேண்டும். லிட்டில் இந்தியா கடைக்காரர்களும் மரபுடைமைச் சங்கங்களும், உணவங்காடிக் கடைக்காரர்களும், விநியோக ஓட்டுநர்களும் தங்கள் கணக்குப் புத்தகங்களோடு அந்தப் பேச்சுக்கு அழைக்கப்பட வேண்டும். எரிபொருளுக்கு எவ்வளவு, சான்றிதழுக்கு எவ்வளவு, பழைய வண்டியின் பழுதுக்கு எவ்வளவு என்று அவர்களிடம் மாதவாரியாக எழுதி வைத்த விவரம் இருக்கும்.